சாயம் யாருக்கு, சாக்கடை யாருக்கு?

"இயற்கைச் சாயம் அமுதம், இரசாயனச் சாயம் நஞ்சு" என்று பேசுவது இன்று நாகரிகமாகிவிட்டது. பேசுவோர் பேசட்டும். ஆண்டிபட்டி வட்டாரத்துச் சக்கம்பட்டியிலும் டி.சுப்புலாபுரத்திலும் சாயநூலை நம்பித் தறியோட்டும் தோழனுக்கு இதில் என்ன இருக்கிறது? நாம் பார்க்க வேண்டியது அதைத்தான்.

அவுரி இயற்கைச் சாயந்தான். அந்த நீலத்துக்காக வெள்ளைத் தோட்ட முதலாளிகள் வதைத்ததால்தானே 1859-இல் வங்காளத்து உழவன் கிளர்ந்தெழுந்தான்? 1917-இல் காந்தியார் சம்பாரணுக்குச் சென்றதும் அவுரி உழவனுக்காகத்தானே? செயற்கைச் சாயமாவது கருணை காட்டியதா? சில அஸோ சாயங்கள் புற்றுநோய்க்கு இடந்தரும் என்று ஜெர்மனி 1994-இல் தடை விதித்தது. அதன் பிறகே, 1997-இல் இந்தியா அவற்றைத் தடுத்தது. உடுத்துவோனைப் பற்றி முதலில் கவலை வந்தது; தொட்டியில் கை நனைப்போனைப் பற்றிப் பிறகுதான்!

செடியில் பிறந்தாலென்ன, ஆலையில் பிறந்தாலென்ன? சாயம் தானாக ஏழையின் பக்கம் நின்றதில்லை.

திருப்பூரைப் பாருங்கள். பனியன் கடல் கடந்து போயிற்று. சாயக்கழிவு நொய்யலில் போயிற்று. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. 28-1-2011 அன்று சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர்நீதிமன்றம். எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடின. தீர்ப்பு நியாயமே. ஆனால், லாபம் குவிந்த நாளில் பங்கு பெறாத தொழிலாளி, கதவடைத்த நாளில் பிழைப்பை இழந்தான். உழவனுக்கு உவர்நிலம், உழைப்பாளிக்கு வெறும் வயிறு!

இந்தப் பாடம் நமக்கும் உரியது. கம்பம் பள்ளத்தாக்கின் முல்லையாறு தேனிக்கருகே வைகையில் கலக்கிறது. 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணை மதுரைக்குக் குடிநீர் தருகிறது. அந்தத் தண்ணீரைக் காப்பது கடமை. தறியைக் காப்பதும் கடமை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை அழிக்க விடலாமா?

ஆகவே, தோழர்களே, நாம் கேட்பது மூன்று. சிறு பட்டறைகளுக்கு அரசே பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டித் தரட்டும். அதை நடத்தும் செலவைச் சேலை விற்று லாபம் காணும் பெரு வியாபாரி ஏற்கட்டும். பட்டறை மூடப்படும் நாட்களுக்கும் தொழிலாளியின் கூலிக்கு உத்தரவாதம் இருக்கட்டும்.

இவற்றைத் தராமல் பசுமை பேசுவோரின் சாயம், முதல் தண்ணீரிலேயே வெளுத்துப் போகும்!