திரியெஸ்தேயின் விரிவுரைகளும் எமது ஊர் செமினார்களும்

இத்தாலியின் திரியெஸ்தே நகரில் கோட்பாட்டுப் பௌதிகவியலுக்கான சர்வதேச நிலையம் இருக்கிறது. அங்கு நடக்கும் கோடைப் பயிற்சிப் பள்ளிகளின் விரிவுரைகள் பல ஒளிப்பதிவு செய்யப்பட்டு யூடியூபில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இதைத் தொடங்கியவர் அப்துஸ் ஸலாம். 1951இல் கேம்பிரிட்ஜிலிருந்து லாகூர் திரும்பிக் கற்பித்தபோது, தன் துறை பற்றிக் கலந்து பேச ஆளில்லாத தனிமையை அனுபவித்தவர். 1954இல் மீண்டும் இங்கிலாந்து போய்விட்டார். வறிய நாட்டு விஞ்ஞானிக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் 1964இல் இந்த நிலையத்தை அமைத்தார். (அவரது மார்க்கக் கொள்கை பற்றிய சர்ச்சை நாமறிந்ததே, இங்கு பேச்சு அதுவல்ல.) திரியெஸ்தே போக விசாவும் விமானச் சீட்டும் வேண்டும். ஒளிப்பதிவைப் பார்க்க அவை வேண்டாம்.

இதைக் காட்டி, "எல்லாம் நெட்டில் இருக்கிறது, பிள்ளைகள் படிக்கட்டும்" என்போரோடு எனக்கு உடன்பாடில்லை. அவை பட்டதாரிகளுக்கானவை, நீண்டவை, ஆங்கிலத்தில் உள்ளவை. தமிழ் மொழிமூலம் உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு அவை உதவப்போவதில்லை. நாம் எடுக்க வேண்டியது அந்தப் பழக்கத்தை: ஓர் அறையில் நடந்த நல்ல பாடம் அந்த அறையோடு முடியக்கூடாது.

எமது ஊர்களிலும் உயர்தரப் பரீட்சைக்கு முன் இலவச செமினார்கள் நடக்கின்றன. பழைய மாணவர்கள் காசு சேர்க்கிறார்கள், தூரத்திலிருந்து நல்ல பௌதிகவியல் ஆசிரியரைக் கூட்டி வருகிறார்கள், பகல் சாப்பாடும் உண்டு. கதிரைகளை அடுக்கியதும் எல்லாம் முடிந்தது. அந்தப் பாடத்துக்கு ஆசிரியரே இல்லாத பக்கத்து ஊர்ப் பாடசாலைப் பிள்ளைக்கு ஒன்றும் போய்ச் சேர்வதில்லை.

வசதியில்லை என்று சொல்ல முடியாது. ஜும்ஆ பயானை முகநூலில் நேரலையாகக் காட்டும் பள்ளிவாசல்கள் எத்தனை! கலியாணத்துக்கு ட்ரோன் கூடப் பறக்கிறது.

உண்மையான தடை டியூஷன். பதிவு வெளியே போனால் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் குறைவார்கள் என்று வளவாளர் பயப்படுகிறார். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். சம்பளத்தை மட்டும் வைத்து மாதத்தை ஓட்டுவது எப்படி என்பது ஆசிரியர்களான எமக்குத் தெரியும். எனவே ஒளிப்பதிவுக்கெனத் தனியாக ஒரு தொகை கொடுத்து, சம்மதத்தை முன்கூட்டியே எழுத்தில் வாங்க வேண்டும். செமினார் முடிந்த பிறகு கேட்பது முறையல்ல.

பெண் பிள்ளைகளின் முகம் வந்துவிடும் என்பது பெற்றோரின் கவலை. கமரா பலகையை மட்டும் பார்த்தால் போதும். பிள்ளைக்குத் தேவையானதும் அதுதான். திரியெஸ்தேயிலும் பலகையைச் சில விநாடிகளுக்கொரு முறை தெளிவாகப் படமெடுத்து, குரலோடு சேர்க்கும் ஒரு முறையை உருவாக்கினார்கள். டேட்டா விலைக்குப் பயந்த வீடுகளுக்கு இதுவே பொருந்தும்: பலகையின் படங்கள், பதினைந்து நிமிடத் துண்டுகளாகக் குரல், வட்ஸ்அப்பில் அனுப்பக்கூடிய அளவில்.

குரல் தெளிவில்லாவிட்டால் படம் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. இந்த வருட செமினாருக்குக் கணக்குப் போடுபவர்கள், சாப்பாட்டுச் செலவுக்குக் கீழே சட்டையில் குத்தும் நல்ல மைக் ஒன்றையும் எழுதிக்கொள்ளட்டும்.