ட்ரெக்கிங், ராஃப்டிங், படகுச் சவாரி: விபத்து நடந்தா யார் பொறுப்பு?

ஒரு நாள் ட்ரெக், ரிவர் ராஃப்டிங், பாராகிளைடிங்... வார இறுதிக்கு எதை வேணும்னாலும் இப்போ போனிலேயே புக் பண்ணிடலாம். பணம் கட்டியதும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிடுவார்கள். பிக்கப் பாயின்ட் எங்கே, என்ன ஷூ போடணும், சாப்பாடு வெஜ்ஜா நான்வெஜ்ஜா, எல்லா விவரமும் அதில் வந்துவிடும். பெரும்பாலும் வராத விவரம் ஒன்றுதான்: அந்தக் காட்டுக்குள்ளோ ஆற்றிலோ உங்களை அழைத்துப் போக அனுமதி வாங்கியிருப்பது யார்?

உங்களிடம் காசு வாங்குபவரும், அங்கே உங்கள் உயிரைப் பார்த்துக்கொள்பவரும் பல நேரங்களில் வேறு வேறு ஆட்கள். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நாடு முழுக்க ஒரே சட்டம் இருக்கா?

இல்லை. சாகசச் சுற்றுலா மொத்தத்துக்கும் பொருந்தும் மத்தியச் சட்டம் நடைமுறையில் இல்லை. கைடுகளின் தகுதி, கருவிகள், முதலுதவி, மீட்பு ஏற்பாடு பற்றி விரிவான தேசிய வழிகாட்டுதல்கள் 2018-ல் வந்தன. ஆனால் வழிகாட்டுதல் வேறு, சட்டம் வேறு. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் ‘சுற்றுலா’ என்று தனியாக ஒரு துறையே குறிப்பிடப்படவில்லை. அதனால் காடு என்றால் வனத்துறை, ராஃப்டிங் என்றால் அந்தந்த மாநில விதிகள் என்று பொறுப்பு பிரிந்து கிடக்கிறது. மகாராஷ்டிரா 2021-ல் தனிக் கொள்கை கொண்டுவந்தது. மாநில எல்லையைத் தாண்டினால் விதியும் மாறிவிடும்.

அப்போ விதிகள் எப்போ வருது?

பெரும்பாலும் உயிர் போன பிறகு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் ட்ரெக்கிங் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். வனப்பகுதி ட்ரெக்கிங்குக்கான விதிகளைத் தமிழ்நாடு அரசு அதே ஆண்டில்தான் கொண்டுவந்தது. அதே 2018 ஜூனில், முறையான கொள்கை வகுக்கும்வரை ராஃப்டிங், பாராகிளைடிங் போன்றவற்றுக்கு உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் தடை போட்டது.

விபத்துக்காகக் காத்திருக்காத உதாரணமும் உண்டு. 2024 ஜனவரியில் கர்நாடகாவின் குமார பர்வதத்தில் கூட்டம் அலைமோதியது. உடனே, ஆன்லைன் புக்கிங் இல்லாத ட்ரெக்கிங் பாதைகளை அரசு தற்காலிகமாக மூடியது. பிறகு ஒரு பாதைக்கு ஒரு நாளைக்கு 300 பேர் என்ற வரம்போடு ஆன்லைன் முன்பதிவு வந்தது.

சட்டம் இருந்தா மட்டும் போதுமா?

போதாது. படகு விபத்துகளே அதற்குச் சாட்சி. உள்நாட்டு நீர்வழிகளில் ஓடும் கலங்களுக்குப் பதிவு, தகுதி ஆய்வு, காப்பீடு எல்லாம் வேண்டும் என்று சொல்லும் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021-லேயே வந்துவிட்டது. ஆனாலும் 2023 மே 7 அன்று கேரளாவின் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். மீன்பிடிப் படகை மாற்றிச் செய்த படகு அது. அளவுக்கு மீறி ஆட்களும் ஏற்றப்பட்டிருந்தார்கள். 2024 ஜனவரியில் வதோதராவின் ஹர்ணி ஏரியில் பிக்னிக் போன 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். படகில் இருந்த எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் கொடுக்கப்படவில்லை.

‘அரசு நடத்துறதுன்னா பயமில்லை’ என்றும் இருந்துவிட முடியாது. 2009 செப்டம்பரில் தேக்கடியில் கவிழ்ந்த படகு, கேரள அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்குச் சொந்தமானது. அதில் இறந்த 45 பேரில் பலர் தமிழ்நாட்டுக்காரர்கள்.

‘என் சொந்தப் பொறுப்பில் வருகிறேன்’ என்று கையெழுத்துப் போட்டுட்டா?

அந்த ஒரு தாளாலேயே நிறுவனத்தின் பொறுப்பு மொத்தமும் போய்விடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற பிரிவு இருக்கிறது. அப்படிப்பட்ட நிபந்தனைகளைச் செல்லாது என்று மாநில, தேசிய நுகர்வோர் ஆணையங்கள் அறிவிக்க முடியும். விபத்து மணாலியில் நடந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வழிகாட்டுதலுக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் ரசீது, சாட், பேமென்ட் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் கையில் இருக்கணும். குரூப்பை விட்டு வெளியேறும்போது டெலீட் பண்ணிடாதீங்க.

இன்ஷூரன்ஸ் கைகொடுக்குமா?

ஹெல்த் பாலிசிகளில் இருக்கும் பொதுவான விலக்கு, சாகச விளையாட்டைத் தொழிலாகச் செய்பவர்களுக்கானது. எப்போதாவது ஜாலிக்காகப் போகிறவர்களுக்கு அது அப்படியே பொருந்தாது. ஆனால் தனிநபர் விபத்து பாலிசி, ஆயுள் காப்பீடு, ட்ராவல் இன்ஷூரன்ஸ் ஆகியவற்றின் நிபந்தனைகள் வேறு. கிளம்பும் முன் பாலிசியில் ‘விலக்குகள்’ பகுதியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

பணம் கட்டும் முன் என்ன கேட்கணும்?

அனுமதி யார் பெயரில் இருக்கிறது, அதன் நகலை அனுப்ப முடியுமா? கூட வரும் கைடு யார், அவர் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்வார்? வானிலை மோசமானால் ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தருவீர்களா? அடிபட்டால் எந்த மருத்துவமனை, போய்ச் சேர எவ்வளவு நேரம்? இந்தக் கேள்விகளில் மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். ரத்து செய்தால் நஷ்டம் என்று இருக்கும் நிறுவனத்துக்கு, மழையிலும் கிளம்பிவிடத்தான் தோன்றும்.

கைடுகளின் சான்றிதழையும் படகுகளின் பதிவையும் யார் வேண்டுமானாலும் ஆன்லைனில் சரிபார்க்கும் வசதியை ஒவ்வொரு மாநிலமும் செய்துகொடுக்க வேண்டும். வாடகைக் காரில் ஏறும் முன் நம்பரைச் சரிபார்க்கிறோமே, அந்த அளவுக்கு எளிதாக அது இருக்க வேண்டும். அதுவரை, ‘அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்’ என்று மட்டும் பதில் வந்தால், அந்த வாரம் வேறு பிளான் போடுவதே நல்லது.