தையல் மெஷினுக்கும் வகுப்பறையில் இடம் வேண்டும்

மதிப்புக்குரிய கல்வி அமைச்சர் அவர்களுக்கு,

லண்டனின் டூட்டிங்கிலிருந்து எழுதுகிறேன். இ-பேக் அளவுகோலைக் கைவிடப்போவதாக உங்கள் அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. நல்லது. 2010 முதல் பள்ளிகளை எடைபோட்ட அந்தப் பட்டியலில் ஆங்கிலம், கணிதம், அறிவியல், மொழி, வரலாறு அல்லது புவியியல் இருந்தன. கலையும் வடிவமைப்பும் இல்லை. கணக்கில் வராத பாடத்துக்கு எந்தத் தலைமையாசிரியர் காசு ஒதுக்குவார்?

எங்கள் தெருப் பிள்ளை ஒருத்தி ஜிசிஎஸ்இ தேர்வுக்குக் கலை, வடிவமைப்புப் பாடத்தில் டெக்ஸ்டைல்ஸ் பிரிவை எடுத்திருக்கிறாள். அம்மம்மாவின் பழைய பட்டுச் சேலையில் கைப்பை தைக்கிறாள். பட்டு வழுக்கியது, தையல் ஓரம் சுருங்கியது. பிரித்தாள். மெல்லிய ஊசி போட்டாள், நூலின் இறுக்கத்தைத் தளர்த்தினாள், துணிக்கு அடியில் டிஷ்யூ தாள் வைத்துத் தைத்து, பிறகு தாளைக் கிழித்தெடுத்தாள். கெட்டுப்போன துண்டையும் எறியவில்லை. குறிப்பேட்டில் ஒட்டி, ஏன் சுருங்கியது என்று பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். அதற்கும் மதிப்பெண் உண்டு. இந்தப் பாடத்தில் 60 விழுக்காடு இப்படிச் சேரும் வேலைகளுக்கு. மீதி 40, தேர்வு வாரியம் தரும் தலைப்பில் செய்யும் படைப்புக்கு. எழுத்துப் பரீட்சை என்றால் கை நடுங்கும் பிள்ளை இங்கே முன்வரிசைக்கு வருகிறாள். இது சுலபமான பாடம் என்பவர்கள் பட்டில் ஒரு ஜிப் வைத்துப் பார்க்கட்டும்.

எங்கள் தமிழ் ஆட்களையும் சொல்லவேண்டும். கணித ரியூசனுக்கு அள்ளிக் கொடுப்பார்கள், டெக்ஸ்டைல்ஸ் என்றால், "தைச்சு என்ன செய்யப்போறாய்?" கலியாண பிளவுஸுக்கு மட்டும் கைதேர்ந்த தையல்காரர் வேண்டும்!

இந்தக் கைவேலைக்கு எங்கள் அயலிலேயே வரலாறு உண்டு. டூட்டிங் பிராட்வேயிலிருந்து நடக்கும் தூரத்தில், வாண்டில் ஆற்றங்கரையில், மெர்ட்டன் அபி இருக்கிறது. வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் 1881-ல் அங்கேதான் பட்டறை போட்டார். அவுரி நீலத்தில் தோய்த்த துணியில் வேண்டிய இடத்தை வெளுத்து அச்சிடும் முறை அங்கே கைகூடி, 1883-ல் 'ஸ்ட்ராபெரி தீஃப்' என்ற அவரது துணி வடிவம் பிறந்தது. அதற்கும் முன்னே, சோழமண்டலக் கரையிலிருந்தும் இந்தியாவின் பிற பகுதிகளிலிருந்தும் வந்த சாயத்துணிக்கு லண்டன் மயங்கிக் கிடந்தது. உள்ளூர் நெசவாளர்கள் கொதித்தெழ, அச்சிட்ட பருத்தித் துணி உடுத்துவதையே 1721-ல் பாராளுமன்றம் தடைசெய்தது. எங்கள் முன்னோரின் கைவேலைக்கு இந்த நாடு அப்படிப் பயந்த காலமும் இருந்தது.

அமைச்சரே, அளவுகோலை எடுத்துவிடுவதால் மட்டும் மெஷின்கள் திரும்பி வரா. 2017-ல் துணித் தொழில்நுட்பம் தனிப் பாடமாக இல்லாமல் பொதுவான வடிவமைப்புப் பாடத்துக்குள் கரைந்தது. வடிவமைப்பு ஆசிரியர் பயிற்சிக்கு ஆள் சேர்க்கும் இலக்கோ ஆண்டுக்கணக்காக எட்டப்படவில்லை. துணி, நூல், களிமண், மரம் எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். அதைப் பெற்றோர் தலையில் கட்டினால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைதான் பட்டில் தைக்கும்.

நான் கேட்பது மூன்று: பொருள் வாங்கப் பள்ளிகளுக்குத் தனி நிதி, மெஷின்களைப் பராமரிக்க ஒரு டெக்னீஷியன், வடிவமைப்பு ஆசிரியராக முன்வருவோருக்குப் போதிய உதவித்தொகை. அடுத்த வரவுசெலவுத் திட்டத்திலேயே இவற்றைச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
டூட்டிங் தமிழர் ஒருவர்