பீப்பாயில ஊறினா டெகீலா மருந்தாகிடுமா?

போன வாரம் ஓபியில ஒருத்தர். வயசு 46, சுகரும் இருக்கு, ஃபேட்டி லிவரும் இருக்கு. "டாக்டர், பிராந்தியை விட்டுட்டேன்"னார். சந்தோஷப்பட்டு முடிக்கல, அடுத்த வரி வந்துச்சு: "இப்ப டெகீலா மட்டும்தான். மூணு வருஷம் ஓக் பீப்பாயில ஊறினது, சுத்தமா சுகர் கிடையாது."

வாட்ஸ்அப்ல வந்துச்சாம். அதுக்குத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே.

அந்தக் கைவேலையை நான் குறை சொல்லலை. மெக்சிகோவின் ஹாலிஸ்கோ பக்கம் விளையும் நீல அகாவே, நம்ம வேலியோர ஆனைக்கற்றாழைக்குச் சொந்தக்கார செடி. முதிரவே ஆறேழு வருஷம் ஆகும். இலையைச் சீவி, அன்னாசி மாதிரி இருக்கும் அடித்தண்டை எடுப்பாங்க. பழைய முறை ஆலைகளில் அதைச் செங்கல் அடுப்பில் வேகவைத்து, தஹோனா என்ற பெரிய கல் சக்கரத்தில் நசுக்கி, நொதிக்கவிட்டு வடிக்கிறாங்க. பீப்பாயில் குறைந்தது 2 மாதம் இருந்தா ரெபொசாடோ, 1 வருஷம்னா அன்யெஹோ, 3 வருஷம்னா எக்ஸ்ட்ரா அன்யெஹோ. உழைப்புதான், மறுக்கல.

ஆனா மரம் என்ன கொடுக்குது? நிறம், வெனிலா வாசனை, கொஞ்சம் துவர்ப்பு. தொண்டையில எரிச்சல் குறையும். ஈத்தனால் அப்படியேதான் இருக்கும். எரிச்சல் இல்லாததால ரெண்டு ரவுண்டு நாலாகுது, அவ்வளவுதான் வித்தியாசம்!

அந்த நிறமும் முழுக்க மரத்தோடதுன்னு நம்பாதீங்க. முதிர வைத்த டெகீலாவில் கேரமல், ஓக் சாறு, கிளிசரின், சர்க்கரைப் பாகு இதெல்லாம் சிறிய அளவில் சேர்க்க அந்நாட்டு விதியே இடம் கொடுக்குது. "பாரம்பரியம்"னு லேபிள்ல அச்சடிக்க மை போதும்.

"அகாவே சுகருக்கு நல்லது" கதைக்கு வருவோம். பச்சை அகாவேயில் இருக்கும் ஒரு வகை நார்ச்சத்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு அது. வேகவைக்கும்போதே அந்தச் சத்து சர்க்கரையா உடையுது, சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலா மாத்துது. பாட்டிலுக்குள்ள அது எங்கே இருக்கு?

60 மில்லி, 40 சதவீதம்னா சுமார் 19 கிராம் ஈத்தனால். விலை எட்டாயிரமா எண்ணூறான்னு கல்லீரலுக்குத் தெரியாது. ஆல்கஹால் புற்றுநோய்க் காரணின்னு உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 1988லேயே முதல் பட்டியல்ல சேர்த்தாச்சு.

என் பயம் வேற. அவர் கிளிமிபிரைடு மாத்திரை போடறவர். ஆல்கஹாலை உடைக்கிற வேலையில இருக்கும்போது கல்லீரல் புது குளுக்கோஸ் தயாரிக்காது. வெறும் வயித்துல குடிச்சிட்டுப் படுத்தா நடுராத்திரி சுகர் சரசரன்னு இறங்கும். வியர்வை, நடுக்கம், உளறல். வீட்ல "போதை"ன்னு நினைச்சுப் போர்வையை இழுத்து விடுவாங்க.

வீட்ல யாருக்காவது இப்படி ஆனா, முதல்ல விரலைக் குத்தி குளுக்கோமீட்டர்ல பாருங்க. 70க்குக் கீழேன்னா, நினைவிருந்தா சர்க்கரைத் தண்ணி. நினைவில்லைன்னா வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க, 108.