ஈரத்தையும் சேர்த்து எடை போடலாமா?

"அரிசியில் மக்கல் வாடை அடிக்கிறது, மாற்றிக் கொடுங்கள்" என்று வாடிக்கையாளர் மூட்டையைத் திருப்பிக் கொண்டுவராத அரிசிக் கடை, தாம்பரம் சண்முகம் சாலை முதல் கூடுவாஞ்சேரி வரை ஒன்றுகூட இருக்காது. நாம் ஆலைக்காரரைக் குறை சொல்கிறோம். அவர் நெல்லைக் குறை சொல்கிறார். விவசாயி மழையைக் காட்டுகிறார். மழையோடு யாரும் வழக்காட முடியாது. ஆனால் அறுவடைக்கும் ஆலைக்கும் இடையில் கழியும் நாட்களைப் பற்றி வணிகர்களாகிய நாம் பேசியே ஆகவேண்டும்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் சொர்ணவாரி நெல் ஆகஸ்ட், செப்டம்பரில் அறுவடைக்கு வருகிறது. மாலையானால் மழை வரும் காலம் அது. இயந்திரம் அறுத்துக் கொட்டும் நெல்லில் 20 சதவீதத்துக்கும் மேல் ஈரம் இருப்பது சாதாரணம். காயவைக்கக் களம் போதாமல் தார் ரோட்டில் பரப்புகிறார்கள். பகல் சூட்டில் வேகமாகக் காய்ந்து, இரவில் ஈரம் இழுத்து, மறுநாள் மீண்டும் காய்ந்தால் மணியில் கீறல் விழுகிறது. ஆலையில் அது நொய்யாகிறது. ரோடும் கிடைக்காவிட்டால் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுகிறார்கள். ஈர நெல் மூச்சுவிட்டுத் தானே சூடேறும். குவியலுக்குள் கையை விட்டால் சுடும். பூஞ்சணம் பிடித்து மணி மஞ்சளாவது அங்கேதான்.

"புழுங்கலுக்கு எப்படியும் ஊறவைக்கத்தானே போகிறார்கள்?" என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. குவியலில் வெந்து மஞ்சளான மணியை எந்தக் கொப்பரையும் வெள்ளையாக்காது. மேலும், நமக்கு நல்ல விலை தருவது பழைய அரிசி. மாதக்கணக்கில் கெடாமல் இருந்த நெல்லிலிருந்துதான் நல்ல பழைய அரிசி வரும்.

இதற்கு வெளிநாட்டுப் பண்ணைகளில் உள்ள ஏற்பாடு, காற்றூட்டும் சேமிப்புக் கலன். தகரத்தாலான பெரிய குதிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடித்தளத்தில் துளைகள், கீழிருந்து மின்விசிறி காற்றை மேலே தள்ளும். நம் நாட்டிலும் பஞ்சாபின் மோகாவில் 2 லட்சம் டன் கோதுமையை இவ்வகை எஃகுக் கலன்களில் வைக்கிறார்கள். நாம் கேட்பது அவ்வளவு பெரியதல்ல. ஊருக்கு ஒன்று, சில பத்து டன் பிடித்தால் போதும்.

அதை அப்படியே கொண்டுவந்து இங்கே நிறுத்தினால் ஏமாந்து போவோம். நெல்லைக் குளிர்விப்பது வேறு, உலர்த்துவது வேறு. குளிர்விக்கச் சிறு காற்று போதும். உலர்த்த அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் வேண்டும். நம் கடலோரக் காற்றே ஈரமானது. காற்றின் ஈரப்பதம் 90 சதவீதம் இருக்கும் ஐப்பசி இரவில் விசிறியை ஓடவிட்டால், காய்ந்த நெல்லும் நனையும். அந்தக் காற்றை 5, 6 டிகிரி சூடாக்கி அனுப்பினாலே உலர்த்தும் தன்மை வந்துவிடும். அதற்கு உமி அடுப்பு போதும். உமிக்கு நம்மிடம் பஞ்சமில்லை. வண்டு விஷயத்திலும் உண்மையைச் சொல்லவேண்டும். 15 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தால்தான் வண்டு பெருகாது. நம் மார்கழி இரவுகூட அவ்வளவு குளிராது. ஆகவே விசிறி மட்டும் வண்டைத் தடுக்காது; சூடேறுவதையும் பூஞ்சணத்தையும் தடுக்கும். அதுவே நமக்குப் பெரிய லாபம்.

தமிழ்நாட்டுக்கு இது புதுப் பாடமும் அல்ல. அறுவடை நேர மழையில் காவிரி டெல்டா நெல் வீணானதால்தான் 1967-இல் திருவாரூரில் நெல் பதன ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. இன்று அது தஞ்சையில் தேசிய நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. அறிவு இருக்கிறது, கிராமத்துக் களத்தில் கலன் இல்லை.

ஏன் இல்லை என்பதற்குக் கணக்கு போட்டுப் பாருங்கள். 20 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 14 சதவீதத்துக்கு உலர்த்தினால் 93 கிலோதான் மிஞ்சும். உலர்த்திய விவசாயிக்கு எடையில் 7 கிலோ நஷ்டம், மின்சாரச் செலவு வேறு. ஈர நெல்லுக்கும் காய்ந்த நெல்லுக்கும் ஒரே விலை என்றால் யார் உலர்த்துவார்? குவிண்டாலுக்கு ஏழரை சதவீதம் கூடுதலாகக் கொடுத்தால்தான் எடைக் குறைவாவது ஈடாகும்; உழைப்புக்கு அதற்கு மேலும் கொடுக்கவேண்டும். கண்ணால் பார்த்தும் பல்லால் கடித்தும் விலை சொல்லும் பழக்கம் இதற்கு உதவாது. மீட்டர் வைத்து, விலைப் பட்டியலை எழுதி ஒட்டவேண்டும்.

அரசு கொள்முதல் நிலையங்களில் வழக்கமான ஈர வரம்பு 17 சதவீதம். 2025 அக்டோபரில் அதை 22 ஆக உயர்த்தும்படி தமிழக அரசு மத்திய அரசைக் கேட்டது. மத்தியக் குழு வந்து மாதிரிகளும் எடுத்தது. நனைந்து நிற்கும் விவசாயிக்கு அந்தத் தளர்வு தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் வரம்பை உயர்த்துவதால் நெல் காய்வதில்லை. 2020-இல் வந்த வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் அதில் கலன் அமைக்கலாம். பெரும்பாலும் அவர்கள் தயங்குவது கடனுக்காக அல்ல, உலர்த்திய நெல்லைக் கூடுதல் விலைக்கு யார் வாங்குவார் என்பதற்காக.

அந்தக் கேள்விக்கு நாம் பதில் சொல்லலாம். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், கூடுவாஞ்சேரி அரிசி வணிகர்கள் ஒன்றுகூடி, நமக்கு அரிசி தரும் ஆலைக்காரர்களையும் அழைத்து, மதுராந்தகம் பக்கம் ஏதேனும் ஓர் உற்பத்தியாளர் நிறுவனத்துடன் ஒரு பருவத்துக்கு மட்டும் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்வோம்: 14 சதவீத நெல், மீட்டர் விலை, ஆலைக்காரர் கொள்முதல், அந்த அரிசிக்கு நம் கடைகளில் தனி மூட்டை. அடுத்த சொர்ணவாரி நாற்று விடுவதற்கு முன் இதைப் பேசி முடிக்க வேண்டும்.