கோர்ட்டில் கடைசி பெஞ்சு

2007-ஆம் ஆண்டு மே மாதம் 25-ந் தேதி. போஸ்னியா நாட்டில் ஃபோச்சா என்று ஓர் ஊர். அங்குள்ள ஜெயிலில் இருந்து ஒரு கைதியைப் பல் வைத்தியரிடம் அழைத்துச் சென்றார்கள். காவலுக்கு ஆட்களும் கூடவே போனார்கள். போன கைதி திரும்பி வரவில்லை. காவலுக்குப் போனவர்கள் மட்டும் திரும்பி வந்தார்கள்.

கைதியின் பெயர் ராதோவான் ஸ்டான்கோவிச். அவன் சில்லறைத் திருடன் அல்ல. யுத்த காலத்தில் பெண்களை ஒரு வீட்டில் அடைத்து வைத்துப் பலாத்காரம் செய்த குற்றத்துக்காக 20 ஆண்டு ஜெயில் தண்டனை பெற்றவன். அந்தக் கொடுமைகள் நடந்ததும் இதே ஃபோச்சா வட்டாரத்தில்தான்.

இதில் ஒரு விபரீதம் உண்டு. அந்த நாட்டில் மிகக் கவனமாகக் கண்காணிக்கப்பட்ட வழக்குகளில் ஸ்டான்கோவிச்சின் வழக்கும் ஒன்று. விசாரணை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதற்கென்றே வெளியார் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பார்த்ததை எழுதி அனுப்பினார்கள். தீர்ப்பு வந்தது. மேல் கோர்ட்டு தண்டனையை 16 ஆண்டில் இருந்து 20 ஆண்டாக உயர்த்தியது. சில வாரங்கள்தான் கழிந்தன. பறவை கூண்டை விட்டுப் பறந்துவிட்டது.

அப்படியானால், கோர்ட்டில் ஆள் உட்கார்ந்து பார்த்ததால் என்ன பயன்?

பேசாத மனிதர்கள்

போஸ்னியாவில் 1992 முதல் 1995 வரை யுத்தம் நடந்தது. சுமார் ஒரு லட்சம் பேர் மாண்டார்கள். யுத்தக் குற்றங்களை விசாரிக்க ஐ.நா. சபை 1993-ல் ஒரு தனி கோர்ட்டை அமைத்தது. அது ஹாலந்து நாட்டின் ஹேக் நகரில் இயங்கியது. 161 பேர் மீது அங்கே குற்றம் சாட்டப்பட்டது. எல்லா வழக்கையும் அங்கேயே முடிக்க முடியாது என்று தெரிந்ததும், சில வழக்குகளைப் போஸ்னியாவுக்கே திருப்பி அனுப்பினார்கள். 6 வழக்குகள்; 10 பேர். முதலில் வந்து இறங்கியவன் ஸ்டான்கோவிச். அது 2005-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம்.

நேற்று வரை ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்ட ஊர். அங்கே நியாயமான விசாரணை நடக்குமா? இந்தச் சந்தேகம் யாருக்கும் வரும். ஆகவே ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஐரோப்பியப் பாதுகாப்பு, ஒத்துழைப்பு அமைப்பு என்பது பல நாடுகள் சேர்ந்த ஒரு சங்கம். அது 2004 முதல் போஸ்னியாவின் கோர்ட்டுகளில் தன் பார்வையாளர்களை உட்கார வைத்திருந்தது. ஹேக்கில் இருந்து வந்த வழக்குகளையும் அவர்களே கவனித்தார்கள்.

பார்வையாளர் வேலை எப்படிப்பட்டது? கோர்ட்டில் பின்னால் உட்கார வேண்டும். வாய் திறக்கக் கூடாது. நீதிபதிக்கு யோசனை சொல்லக் கூடாது. குற்றவாளியா, நிரபராதியா என்று அபிப்பிராயம் சொல்லக் கூடாது. வக்கீலுக்குத் தயார் செய்ய அவகாசம் கிடைத்ததா? குற்றச்சாட்டு தெளிவாக இருந்ததா? வாய்தா எத்தனை தடவை போட்டார்கள்? சாட்சியை மரியாதையாக நடத்தினார்களா? இவற்றை நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

ஊர்ப் பஞ்சாயத்தில் ஓரமாக நின்று பார்க்கும் பெரியவர் மாதிரி என்று சொல்லலாம். அவர் ஒன்றும் பேசமாட்டார். ஆனால் அவர் நிற்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஹேக்கில் இருந்து வந்த வழக்குகளில் இந்த நோட்டுப் புத்தகத்துக்குப் பல் இருந்தது. அறிக்கை ஹேக் கோர்ட்டின் அரசுத் தரப்பு வக்கீலுக்குப் போகும். விசாரணை கோணலாகப் போகிறது என்று தெரிந்தால், ஹேக் கோர்ட்டு வழக்கைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளலாம். அப்படி ஒரு விதி இருந்தது. கடைசி வரை ஒரு வழக்கைக்கூடப் பிடுங்க வேண்டி வரவில்லை. பிடுங்குவார்கள் என்ற பயமே வேலை செய்தது என்று சொல்வாரும் உண்டு. விசாரணை இயல்பாகவே நன்றாக நடந்தது என்று சொல்வாரும் உண்டு. இரண்டில் எது உண்மை என்று பிரித்துக் காட்ட வழியில்லை.

ஆனால் ஒரு விஷயத்தை எல்லோரும் மறந்தார்கள். வழக்கைத் திரும்பப் பெறும் அதிகாரம் தீர்ப்பு வரும் வரைதான். தீர்ப்புக்குப் பிறகு கைதி எந்த ஜெயிலுக்குப் போகிறான், யார் காவல், எந்த ஊர் பல் வைத்தியர் என்பதைப் பார்க்கும் வேலை அந்தப் பெஞ்சுக்கு இல்லை. கோர்ட்டின் வாசலோடு அந்தக் கண் மூடிக்கொண்டது. சாட்சி சொன்ன பெண்களுக்கோ, தீர்ப்போடு எதுவும் முடிவதில்லை. தங்களைச் சீரழித்தவன் அதே மலைப் பக்கத்தில் எங்கோ திரிகிறான் என்ற நினைப்போடு அவர்கள் தூங்க வேண்டியிருந்தது.

வராந்தாவில் நின்ற பெண்கள்

பயன் இல்லை என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. 2010-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் இந்த அமைப்பு சாட்சிகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதைப் படித்தால் நோட்டுப் புத்தகத்தின் அருமை தெரியும்.

தலைநகர் சரயேவோவில் உள்ள பெரிய கோர்ட்டில் சாட்சிகளுக்கு உதவ ஆட்கள் இருந்தார்கள். வெளியூர்களில் உள்ள கோர்ட்டுகளில் நிலைமை வேறு. பல இடங்களில் சாட்சிகள் தங்கக் தனி அறை கிடையாது. வராந்தாவில் காத்திருக்க வேண்டும். அதே வராந்தாவில்தான் எதிரியின் உறவினர்களும் நிற்பார்கள். சில சமயம் எதிரியே நிற்பான். எல்லா எதிரிகளையும் ஜெயிலில் அடைத்து வைத்து விசாரிப்பதில்லை அல்லவா?

பதினைந்து வருடம் மனத்துக்குள் பூட்டி வைத்ததைச் சொல்ல ஒரு பெண் வருகிறாள். அவளை முறைத்துப் பார்த்துக்கொண்டு நாலு பேர் நிற்கிறார்கள். உள்ளே போய் அவளுக்கு வார்த்தை வருமா? "எனக்கு ஞாபகம் இல்லை" என்று சொல்லிவிட்டு வீடு திரும்பினால், அது அவள் குற்றமா?

தீர்ப்பு நகலில் இந்த வராந்தா இடம்பெறாது. வழக்குக் கட்டிலும் இராது. கோர்ட்டுக்கு நேரில் போய் உட்கார்ந்தவருக்கு மட்டும்தான் தெரியும். அதைத் திரும்பத் திரும்ப எழுதினார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் வெளியூர்க் கோர்ட்டுகள் பலவற்றில் சாட்சிகளுக்கு உதவும் பிரிவுகள் வந்தன. வெளிநாட்டு உதவிப் பணமும் அதற்குக் கிடைத்தது. பெண்கள் சங்கங்களும் போராடின. இதில் நோட்டுப் புத்தகத்தின் பங்கு எத்தனை அணா என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பங்கு இல்லை என்று சொல்வது நியாயம் ஆகாது.

ஒரே குற்றம், இரண்டு தராசு

இன்னொரு விஷயத்தையும் இந்தப் பார்வையாளர்கள் கண்டு சொன்னார்கள். யுத்தம் முடிந்த பிறகு போஸ்னியா இரண்டு பகுதிகளாக நிர்வாகம் செய்யப்பட்டது. சரயேவோவில் உள்ள மத்திய கோர்ட்டு 2003-ஆம் ஆண்டின் புதிய சட்டப்படி தண்டனை கொடுத்தது. அதில் உச்ச தண்டனை 45 ஆண்டு. பகுதிக் கோர்ட்டுகள் பழைய யூகோஸ்லாவியச் சட்டப்படி தண்டனை கொடுத்தன. அதில் மரண தண்டனையை நீக்கிப் பார்த்தால், உச்சம் 20 ஆண்டு. ஆக, எந்த ஊரில் வழக்கு நடக்கிறது என்பதைப் பொறுத்துத் தண்டனை மாறியது.

ஒவ்வொரு கோர்ட்டிலும் உட்கார்ந்த நீதிபதிக்குத் தன் கோர்ட்டு மட்டுமே தெரியும். எல்லாக் கோர்ட்டிலும் உட்கார்ந்தவருக்குத்தான் தராசு இரண்டு என்று தெரிந்தது. 2008-ல் இதைப் பற்றித் தனி அறிக்கையே வந்தது. உடனே மாறியதா? இல்லை. 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 18-ந் தேதி ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. குற்றம் நடந்த காலத்துச் சட்டத்தை விட்டுவிட்டுப் பின்னால் வந்த கடுமையான சட்டத்தை இரண்டு பேர் மீது பிரயோகித்தது தவறு என்றது. அதன் பிறகு போஸ்னியாவில் பல தீர்ப்புகள் ரத்தாயின. மறுபடி விசாரணை. மறுபடி சாட்சிகள் நெஞ்சு படபடப்பு. 2008-லேயே சர்க்காரும் நீதிபதிகளும் கூடி உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தால் இந்த அலைச்சலில் ஒரு பகுதியாவது மிச்சமாகியிருக்கும்.

வழக்குகளை முடிக்கக் கெடு வைத்த கதையும் இப்படித்தான். 2008 டிசம்பரில், பெரிய வழக்குகளை 7 ஆண்டிலும் மற்றவற்றை 15 ஆண்டிலும் முடிப்போம் என்றார்கள். இரண்டு கெடுவும் தாண்டிவிட்டது.

மெயின் மாநிலத்துக் கணக்கு

கண்காணிப்பின் பயனைக் கணக்குப் போட்டு அளக்க முடியாதா? அளந்து பார்த்தவர்கள் உண்டு. அது அமெரிக்காவில், வழக்கும் வேறு வகை. குடித்துவிட்டுக் கார் ஓட்டுவதை எதிர்க்கும் தொண்டர்கள் அங்கே கோர்ட்டில் போய் உட்காருவது வழக்கம். மெயின் மாநிலத்தில் இப்படிப்பட்ட ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகளை எடுத்து, தொண்டர் உட்கார்ந்த வழக்குகளையும் உட்காராத வழக்குகளையும் ஒப்பிட்டார்கள். ஆய்வு 1992-ல் வெளிவந்தது. தொண்டர் உட்கார்ந்த வழக்குகளில் தண்டனை அடைந்தவர்களின் பங்கு அதிகமாக இருந்தது.

பலே, பயன் உண்டு என்று கைதட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். நோட்டுப் புத்தகத்தைக் கண்டு நீதிபதி விழிப்பாக இருந்தாரா? அல்லது பயந்துபோய்த் தண்டித்தாரா? குடிக்காத ஒருவன் அந்தக் கூட்டத்தில் மாட்டியிருந்தால் அவன் கதி என்ன? தண்டனையை எண்ணும் கணக்கு இதற்குப் பதில் சொல்லாது. ஒரு பக்கத்துக்காக உட்காருகிற கண்ணுக்கும், இரண்டு பக்கத்துக்கும் நியாயம் நடக்கிறதா என்று பார்க்க உட்காருகிற கண்ணுக்கும் வித்தியாசம் உண்டு. முதல் வகைக்கு வேண்டுமானால் தண்டனையை எண்ணலாம். போஸ்னியாவில் நடந்தது இரண்டாவது வகை. அங்கே தண்டனை கூடினாலும் வெற்றி இல்லை, விடுதலை கூடினாலும் வெற்றி இல்லை.

எத்தனை நாள் உட்கார்ந்தார்கள், எத்தனை பக்கம் எழுதினார்கள், எத்தனை அறிக்கை அச்சாயிற்று என்று கணக்குக் காட்டுவது இப்படிப்பட்ட திட்டங்களின் வழக்கம். பணம் கொடுக்கிறவர்களுக்கு அது போதும் போலிருக்கிறது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. போன வருடம் எழுதிய குறை இந்த வருட நோட்டிலும் இருக்கிறதா? இருந்தால், அதைத் திருத்த வேண்டியவர் யார்? அவர் கையில் அந்த நோட்டு போய்ச் சேர்ந்ததா? சேர்ந்த பிறகும் அவர் சும்மா இருந்தால் அவரைக் கேட்பவர் யார்? ஹேக் வழக்குகளில் கேட்க ஒருவர் இருந்தார். மற்ற வழக்குகளில் இல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

சாட்சி சொன்னவர்களிடமும் கேட்க வேண்டும். கோர்ட்டில் இருந்து வீட்டுக்குப் போன பிறகு ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்க வேண்டும். வராந்தாவில் யார் நின்றார்கள்? பெயர் வெளியே தெரிந்துவிட்டதா? இன்னொரு முறை கூப்பிட்டால் வருவீர்களா? "வருவேன்" என்று எத்தனை பேர் சொல்கிறார்கள் என்பது ஒரு நல்ல கணக்கு. அதோடு கைதியின் பக்கத்திலும் கேட்க வேண்டும். தோற்றுப்போனவனும் "என் பேச்சைக் கேட்டார்கள்" என்று சொன்னால், அந்தக் கடைசி பெஞ்சுக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

ஸ்டான்கோவிச் பிடிபட்டது 2012-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 21-ந் தேதி. நாலு வருடம் எட்டு மாதம் அவன் வெளியே இருந்தான். பிடிபட்ட இடம் வேறு எங்கும் இல்லை. அதே ஃபோச்சாதான்.