கெண்டைக்குக் கடல் மீனெண்ணெய் அவசியமா?

நெல்லும் திராட்சையும் விளையும் கம்பம் பள்ளத்தாக்கில், பண்ணைக் குட்டை வெட்டிக் கட்லா, ரோகு, மிர்கால், சாதாக் கெண்டை ஆகியவற்றை வளர்க்கும் குடியானவர்களும் உளர். மீனெண்ணெய் கலந்த தீவனமே எம்மீனுக்கும் உயர்ந்தது என்னும் எண்ணம் அவர்களிடையே வேரூன்றுமாயின், அது வீண் செலவுக்கே வழியாகும்.

காரணம் மீனின் உடலிலேயே உள்ளது. மீனின் மூளைக்கும் கண்ணுக்கும் ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. என்னும் கொழுப்பமிலங்கள் இன்றியமையாதவை. கடலில் இவை நுண்பாசிகளில் தோன்றி, சிறு மீன்களின் வழியே பெரிய மீன்களுக்குத் தயாராகவே கிடைக்கின்றன. ஆதலால் இரைதின்னும் கடல் மீன்களிற் பல, இவற்றைத் தாமே உண்டாக்கும் திறனை மிகக் குறைவாகவே உடையன. கெண்டையினங்களோ, தாவரப் பொருள்களிலுள்ள லினோலெனிக் அமிலத்தைக் கொண்டு இவற்றை உடலுக்குள்ளேயே இயற்றிக்கொள்கின்றன. கொடுவா மீனை நன்னீர்க் குட்டையில் வளர்த்தாலும் அதற்கு மீனெண்ணெய் வேண்டும்; ஜலம் மாறியதனால் மீனின் இயல்பு மாறுவதில்லை.

சாதாக் கெண்டையின் தீவனத்தில் லினோலிக் அமிலமும் லினோலெனிக் அமிலமும் நூற்றுக்கு 1 பங்கு வீதம் இருந்தாற் போதுமென ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். கடலைப் பிண்ணாக்கும் அரிசித் தவிடும் முன்னதைத் தாராளமாகத் தரும். பின்னதை அவ்வளவு தரமாட்டா. அக்குறையை நிரப்புவது குட்டையின் பசுமையே. அளவாகச் சாணமிட்டால் நுண்பாசி பெருகும். அப்பாசியிலும் அதைத் தின்னும் நீர்ப்பூச்சிகளிலும் லினோலெனிக் அமிலம் உண்டு.

மீனெண்ணெய் இட்டாற் கெண்டை கொழுக்கும் என்பாரும் உண்டு. மிகுதியான கொழுப்பு பெரும்பாலும் வயிற்றறையிற் சேர்ந்து, மீனை அறுக்கும்போது குடலோடு கழிவாகும். அவ்வெண்ணெய் தின்ற மீனின் சதையில் மேற்படி அமிலங்கள் கூடுமென்பது மெய்யே. ஆயினும் சந்தையில் அதற்கென விலை கூடாவிடின், வளர்ப்போனுக்கு லாபம் யாது? அன்றியும், அவ்வெண்ணெய்க்காகப் பிடிக்கப்படும் மத்தி முதலிய சிறு மீன்கள் ஏழை மக்களின் உணவுமாகும்.

எண்ணெய் எதுவென்பதினும் அது கெடாதிருப்பதே முக்கியம். புதிதாக அரைத்த தவிடு சில நாட்களிலேயே சிக்கு வாடை கொள்ளும். ஜப்பானில், காறிப்போன பட்டுக் கூட்டுப்புழுவைத் தின்ற கெண்டைகள் முதுகுச் சதை வற்றி நலிந்தன. பூசணம் பிடித்த பிண்ணாக்கும் விஷமேயாகும்.

ஆகையால் கெண்டை வளர்ப்போர் மீனெண்ணெய்க்குச் செலவிடும் பணத்தைப் புதிய தவிடு, நல்ல பிண்ணாக்கு, குட்டைக்கு எரு ஆகியவற்றிற் செலவிடுவதே உசிதம். கொடுவா வளர்க்க விரும்புவோர் மட்டும் தீவனச் செலவை முன்னரே கணக்கிட்டு இறங்குவாராக.